பாகம்பிரியாள் கேட்காமல் எழுதிய கதை

பாகம்பிரியாளுக்குத் தபால் பெட்டி என்றாலே கலக்கம். கதையை உறைக்குள் வைத்து ஒட்டி, பெட்டியின் வாயில் திணித்த பிறகும் நகர மாட்டாள். உள்ளே விழுந்ததா, நடுவிலேயே சிக்கிக்கொண்டு நிற்கிறதா என்று விரலை விட்டுத் துழாவிப் பார்ப்பாள். பாதி தெரு நடந்ததும் ஸ்டாம்பு ஒட்டினோமா என்று சந்தேகம் வரும். வீடு வந்து சேர்ந்ததும் கடைசிப் பக்கத்தை வைத்தோமா என்று இன்னொரு சந்தேகம். கதை திரும்பி வந்தால் இரண்டு நாள் சோறு இறங்காது. அச்சாகி வந்துவிட்டாலோ, யார் என்ன சொல்வார்களோ என்று ஒரு வாரத்துக்குச் சோறு இறங்காது.

அண்ணாமலையார் கோயில் குருக்கள் உமாமகேஸ்வரனின் மனைவி அவள். ஐம்பத்தெட்டாம் வருஷம் அவளுக்கு வயது முப்பத்துமூன்று. அதற்குள் வாரப் பத்திரிகைகளில் ஏழெட்டுக் கதைகள் வந்திருந்தன. வீட்டில் யாருக்கும் அது ரகசியமில்லை. உமாமகேஸ்வரன் எதையும் படித்ததில்லை. “எனக்கு அர்ச்சனை தெரியும், கதை தெரியாது” என்பார். ஆனால் பத்திரிகை வந்த அன்று அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கோயிலுக்குப் போவார். சாயங்காலம் வரும்போது அது பத்துக் கை மாறிக் கசங்கியிருக்கும்.

எழுதுவதற்கென்று அவளுக்கு இடமோ நேரமோ கிடையாது. உச்சிக்காலம் முடிந்து அவர் வந்து சாப்பிட்டுக் கண் அசந்த பிறகு, சமையலறைப் பின்வாசற்படியில் உட்கார்ந்து, மணையை மடியில் வைத்து எழுதுவாள். ஆனால் எழுதுவதெல்லாம் அப்புறம்தான். அதற்கு முன்னாலேயே வாக்கியங்களை வாயால் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. கோலம் போடும்போது முணுமுணுப்பாள், உளுந்து ஆட்டும்போது முணுமுணுப்பாள். எதிர் வீட்டு ஜோதியம்மாள் ஒருநாள் தெருவில் நின்றுகொண்டு, “என்னா ஸ்லோகம் அது, குருக்கள் வூட்டம்மா? தெனமும் வேற வேறயா இருக்குதே?” என்று கேட்டபோது, பாகம்பிரியாள் வெட்கத்தில் கோலத்தின் ஒரு இழையையே விட்டுவிட்டாள்.

கதைக்கு அவள் வேறெங்கும் போனதில்லை. போவதற்கு வழியும் இல்லை. தெருவில் நடப்பது, கிணற்றடியில் பேசுவது, பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்தவர்கள் வாசலில் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போகும்போது விட்டுப் போன ஒரு பேச்சு, இவ்வளவுதான் அவளுடைய கையிருப்பு. பார்த்ததை எடுத்துக்கொள்வாள். யாரையும் எதுவும் கேட்க மாட்டாள். கேட்பதற்குப் பயம். பார்த்தாலே போதும் என்று நினைத்திருந்தாள்.

அந்த வீட்டில் அவள் அதிகம் பார்த்தது நாத்தனார் தர்மாம்பாளைத்தான். உமாமகேஸ்வரனின் தங்கை. மாயவரம் பக்கத்தில் ஒரு குருக்கள் வீட்டில் வாழ்க்கைப்பட்டு, ஒரு வருஷம்கூட இருக்காமல், துணிப்பையோடு தன்னந்தனியாக ரயிலேறிப் பிறந்தகம் வந்துவிட்டவள். அது நடந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு, “அங்கே இருக்க முடியலை” என்று மட்டும் சொன்னாள். புருஷன் இரண்டு தடவை வந்து கூப்பிட்டான். “நான் என்ன பண்ணேன்னாவது சொல்லேன்” என்று கேட்டான். அதற்கும் பதில் வரவில்லை. மூன்றாம் தடவை அவன் வரவில்லை. வேறொரு பெண்ணோடு சகவாசமாயிருக்கும் என்று வீட்டில் எல்லாரும் ஆளுக்கு ஆள் தங்கள் மனதுக்குள் தீர்மானித்துக்கொண்டார்கள். வாய்விட்டு யாரும் பேசவில்லை.

தர்மாம்பாளிடம் ஒரு பழக்கம் இருந்தது. எல்லாரும் சாப்பிட்ட பிறகு, சமையலறை மூலையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். யாராவது உள்ளே வந்தால் கை நின்றுவிடும். பாகம்பிரியாள் அதை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏமாற்றப்பட்ட பெண்ணின் துக்கம் அது என்று அவளுக்குப் பட்டது. சோறு தொண்டையில் இறங்காமல் அழுகிறாள், அதை மறைக்கத்தான் சுவர்ப்பக்கம் திரும்புகிறாள் என்று நினைத்தாள். அந்த நினைப்பிலிருந்து ஒரு கதை வந்தது. புருஷனுக்கு இன்னொருத்தி இருப்பதைக் கண்டுபிடித்த ஒருத்தி, சுவரைப் பார்த்து அழுதுகொண்டே சாப்பிட்டு, ஒருநாள் விடிகாலையில் ரயிலேறி, வழியெல்லாம் அழுதுகொண்டே தாய்வீடு வருகிறாள்.

ஒரே வாரத்தில் எழுதி முடித்துவிட்டாள். இவ்வளவு சுலபமாக ஒரு கதையும் அவளுக்கு வந்ததில்லை. அந்த மயக்கத்தில், இது யாருடைய கதை என்ற யோசனையே இல்லாமல், சென்னை வானொலி நிலையத்துக்கு அனுப்பிவிட்டாள்.

கதையை எடுத்துக்கொள்கிறோம், நீங்களே வந்து படிக்க வேண்டும் என்று பதில் வந்தபோதுதான் தலையில் இடி விழுந்தது. முனிசிபல் பார்க்கில் தினமும் சாயங்காலம் ஒலிபெருக்கியில் ரேடியோ வைப்பார்கள். ஊரில் பாதி அங்கேதான் உட்கார்ந்திருக்கும். அத்தனை பேருக்கும் நடுவே அவளுடைய குரல் தர்மாம்பாளைப் பற்றிப் பேசப் போகிறது.

“அடேயப்பா, ரேடியோவா!” என்று உமாமகேஸ்வரன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். “ஆனா இந்த மாசம் என் முறையாச்சே. கோயிலை விட்டு நகர முடியாதே.”

“அப்போ வேண்டாம்னு எழுதிடறேன்.” பாகம்பிரியாளுக்கு உயிர் வந்தது.

“வேண்டாமாவது! தர்மாவைத் துணைக்குக் கூட்டிண்டு போ. மயிலாப்பூர்ல உன் சித்தி இருக்கா. குழந்தை சரோஜாவை நான் பார்த்துக்கறேன், பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிவிட ஜோதியம்மா வருவா.”

உள்ளேயிருந்து தர்மாம்பாள் எட்டிப் பார்த்தாள். “மெட்ராஸா? நானா?” என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியைப் பாகம்பிரியாள் அதுவரை பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களை அவள் எப்படித் தள்ளினாளோ. காய்ச்சல் என்று படுத்துப் பார்த்தாள். உமாமகேஸ்வரன் கஷாயம் போட்டுக் கொடுத்தார், உடம்பில் சூடில்லை என்றும் சொல்லிவிட்டார். நிலையத்தாருக்கு எழுதிக் கதையை மாற்றிக்கொள்ளலாமா என்று யோசித்தாள். அவர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிரதியில் ஒரு எழுத்து மாறக் கூடாது என்று கடிதத்திலேயே இருந்தது. தர்மாம்பாளிடம் சொல்லிவிடலாம் என்று ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“தர்மா, அந்தக் கதை இருக்கே...”

“மன்னி, அந்த மாம்பழக் கலர் புடவையைக் கட்டிக்கட்டுமா? இல்லே, ரேடியோ ஸ்டேஷனுக்கு அது ஜாஸ்தியா?”

“அதையே கட்டிக்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். பஸ்ஸிலும் அப்படித்தான். செஞ்சி தாண்டியதும் சொல்லலாம் என்றிருந்தாள். திண்டிவனம் தாண்டியதும் சொல்லலாம் என்றிருந்தாள். தர்மாம்பாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, தலைமயிர் பறக்கப் பறக்க, போகிற வண்டியையெல்லாம் சின்னப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

நிலையத்தில் தர்மாம்பாளை வருகிறவர்கள் உட்காரும் கூடத்தில் உட்கார வைத்தார்கள். அங்கே சுவரில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி இருந்ததைப் பாகம்பிரியாள் பார்த்தாள். கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி, “பயப்படாதீங்கம்மா. சிவப்பு விளக்கு எரிஞ்சதும் வீட்ல பேசற மாதிரி படிங்க” என்று உள்ளே அழைத்துப் போனார். வீட்டில் பேசுகிற மாதிரி! வீட்டில் பேசாததைத்தானே எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள்?

விளக்கு எரிந்தது. முதல் வரியில் குரல் கம்மியது. இரண்டாம் பக்கத்தில் இருமல் வந்தது. காகிதத்தைப் பிடித்திருந்த விரல்கள் வியர்த்து, மை விரலில் ஒட்டியது. சுவரைப் பார்த்துச் சாப்பிடும் இடம் வந்தபோது, கண் அந்த வரிகளை விட்டுத் தாண்டிக் குதித்துவிட்டது. தாண்டி என்ன பயன், அடுத்த பக்கத்தில் மறுபடி அதே சுவர் வந்தது. இந்த முறை தாண்ட வழியில்லாமல் படித்தாள். முடித்தபோது நேரம் மிச்சமிருந்தது. அதிகாரி முகம் சுளிக்காமல் ஒரு வீணை இசைத்தட்டைப் போடச் சொன்னார்.

கூடத்துக்கு வந்தாள். தர்மாம்பாள் எழுந்து நின்றாள். “போலாமா மன்னி?” என்றாள்.

எதிரே கடற்கரை. இருட்டுவதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. தர்மாம்பாள் பஸ் நிற்கும் பக்கம் போகாமல் மணலில் இறங்கி நடந்தாள். சுண்டல்காரனைக் கூப்பிட்டு இரண்டு பொட்டலம் வாங்கினாள். பாகம்பிரியாள் தன் பொட்டலத்தைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“தர்மா, தப்புப் பண்ணிட்டேன்.”

“ஆமாம் மன்னி, தப்பாத்தான் எழுதியிருக்கேள்.” கோபமில்லாமல், கணக்கில் பிசகு சொல்கிற மாதிரி சொன்னாள். “நான் அழவேயில்லை.”

பாகம்பிரியாளுக்கு விளங்கவில்லை.

“ரயில்ல அழுதுண்டே வந்தேன்னு படிச்சேளே. அழலை. விழுப்புரத்துல வண்டி மாறணுமோன்னோ? அங்கே ஸ்டேஷன்ல இட்லி வாங்கிச் சாப்பிட்டேன். வயிறு ரொம்பச் சாப்பிட்டேன். அன்னிக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்துல கூட இல்லை.”

அப்புறம் கடலைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அந்த வீட்டில் இன்னொருத்தியும் இல்லை, அடியும் இல்லை. ஆண்பிள்ளைகள் சாப்பிட்டு, மாமியார் சாப்பிட்டு, கடைசியில் மாட்டுப்பெண். அவள் உட்காரும்போது பானையில் ஒன்றும் இருக்காது. ஒருநாள் கூச்சத்தை விட்டு இன்னும் கொஞ்சம் சாதம் கேட்டாள். “பொம்மனாட்டிக்கு இவ்வளவு வயிறா?” என்று மாமியார் எல்லார் எதிரிலும் கேட்டாள். புருஷன் சிரித்தான். அதற்குப் பிறகு அவளால் எதையும் கேட்க முடியவில்லை. கிணற்றடியில் ஒருமுறை மயங்கி விழுந்தாள். விசேஷமாக்கும் என்று மாமியார் சந்தோஷப்பட்டாள். அதுவும் இல்லை என்று தெரிந்ததும் அந்தக் கொஞ்ச சாதத்துக்கும் பேச்சு வந்தது.

“யார்கிட்டப் போய்ச் சொல்றது? சோத்துக்காக ஆம்படையானை விட்டுட்டு வந்தாள்னு சிரிக்க மாட்டாளா? அவர் இன்னொருத்தியை வெச்சிண்டிருந்தா தைரியமாச் சொல்லியிருப்பேன். இது ரொம்பச் சின்னக் காரணம் மன்னி.”

“அப்போ சுவரைப் பார்த்து...”

“சாப்பிடறதை யாராவது பார்த்தா இன்னும் கூசறது.”

பாகம்பிரியாள் அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது வருஷம் ஒரே சமையலறையில் இருந்திருக்கிறாள். சுவரைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள், கை நிற்பதைப் பார்த்தாள். பார்த்ததெல்லாம் சரி. அதன் மேல் அவள் கட்டிய கதைதான் அத்தனையும் பொய். இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள் என்று ஒருநாளாவது தானாகச் சொல்லியிருக்கிறாளா என்று நினைத்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

ஊர் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் தலை நிமிராமல் நடந்தாள். ஊர் என்ன சொல்லப் போகிறதோ என்ற பயம் அப்போதும் விடவில்லை. ஜோதியம்மாள்தான் முதலில் பிடித்தாள். “பார்க்குல கேட்டேன். என்னா இருமல் இருமினீங்க! துளசி கஷாயம் குடிச்சிட்டுப் போயிருக்கலாம் இல்ல?” அவ்வளவுதான். கோயிலில் எல்லாரும் உமாமகேஸ்வரனிடம் குரலைப் பற்றித்தான் பேசினார்களாம். தர்மாம்பாளை ஒருவரும் கதையோடு சேர்த்துப் பார்க்கவில்லை. அத்தனை நாள் எதற்கு நடுங்கினாளோ அது நடக்கவேயில்லை. ஆனால் அந்த நிம்மதி அவளுக்கு ஒட்டவில்லை.

அதற்குப் பிறகு வெகுநாள் எழுதவில்லை. பின்வாசற்படியில் உட்காருவாள், மணை மடியில் இருக்கும், பேனா நகராது. பூக்காரி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், முன்பெல்லாம் உடனே ஒரு துக்கம் கிடைத்துவிடும். இப்போது, அவளுக்கு வெறும் தலைவலியாக இருக்குமோ என்று தோன்றியது. கோலம் போடும்போது முணுமுணுப்பும் நின்றுபோனது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஒரு மாறுதல். பாகம்பிரியாள் தன் இலையையும் அந்த மூலைக்கே கொண்டு போனாள். “நீ சாப்பிடறதை நான் பார்க்கலை, நான் சாப்பிடறதை நீ பார்க்காதே” என்று தானும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். முதல் நாள் தர்மாம்பாளுக்கு எரிச்சல் வந்தது. நாலைந்து நாளில் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு மத்தியானம் தர்மாம்பாளே கேட்டாள். “என்ன மன்னி, எழுத ஒண்ணும் கிடைக்கலையா?”

“பயமா இருக்கு. மறுபடியும் தப்பாப் பார்த்துடுவேனோன்னு.”

“தப்பாப் பார்த்தா என்ன? வாயிருக்கே, கேளுங்கோ.”

கேட்பது பாகம்பிரியாளுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று தர்மாம்பாளுக்குத் தெரியாது. பாகம்பிரியாள் முதன்முதலாகப் பூக்காரி பச்சையம்மாளிடம் போய், “ஏன் இப்படி உட்கார்ந்திருக்கே?” என்று கேட்டாள். “ஏன், கடன் குடுக்கப் போறியா?” என்று அவள் திருப்பிக் கேட்டாள். பாகம்பிரியாள் ஓடி வந்துவிட்டாள். மறுநாள் மறுபடியும் போனாள். பச்சையம்மாள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அப்படித்தான் அந்தப் பழக்கம் ஏற்பட்டது. கேட்டு எழுதிய கதைகளில் அழுகை கம்மி, சண்டை கம்மி. “சம்பவம் போதவில்லை” என்று இரண்டு கதைகள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றுக்கும் வழக்கம்போலச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் பழைய மாதிரி எழுத அவளுக்கு வரவில்லை.

அறுபத்துமூன்றில் தர்மாம்பாளிடம் கேட்டாள். “உன் விஷயத்தைச் சரியா எழுதட்டுமா?”

தர்மாம்பாள் நெடுநேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “எழுதுங்கோ. ஆனா அவரைக் கெட்டவரா ஆக்காதேங்கோ. அவர் சிரிச்சார், அவ்வளவுதான் பண்ணார். அதுக்கு மேல ஒரு எழுத்து வேண்டாம்.”

எழுதி முடித்துப் படித்துக் காட்டினாள். தர்மாம்பாள் இரண்டு இடங்களில் திருத்தினாள். கதை ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது.

மறு வருஷம் ஆனி மாதம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு, வாசலில் ஒருவர் வந்து நின்றார். முன்மயிர் நரைத்த குருக்கள். பாகம்பிரியாள்தான் கதவைத் திறந்தாள். அடையாளம் தெரிந்ததும் கை கதவிலேயே நின்றுவிட்டது. தர்மாம்பாளின் புருஷன். உமாமகேஸ்வரன் பதறிப் போய் உள்ளே அழைத்து உட்கார வைத்தார். வந்தவர் யாரையும் பார்க்காமல், தர்மாம்பாள் நின்றிருந்த பக்கமாகத் தரையைப் பார்த்து, “பத்திரிகையில படிச்சேன். உன் மன்னி பேரும் விழுப்புரம் ஸ்டேஷனும் போட்டிருந்தது. அதுவா காரணம்?” என்றார்.

“அதுதான்.”

“நான் சிரிச்சேனா? எனக்கு ஞாபகமேயில்லையே.”

“உங்களுக்கு இருக்காது.”

தான் எழுதியதால் வந்த வினை இது என்று பாகம்பிரியாளுக்குப் பட்டது. தர்மாம்பாள் கிளம்பிப் போய்விட்டால்? போய் மறுபடியும் பட்டினி கிடந்தால்? போகாமல் இருந்து, பிற்பாடு இதற்காகத் தன்னை நொந்துகொண்டால்? எதுவானாலும் பழி தன் பேனாவுக்குத்தான் என்று தூணோரம் ஒதுங்கினாள்.

“அம்மா போய்ச் சேர்ந்துட்டா” என்றார் அவர். “நான் தனியாத்தான் இருக்கேன். இப்போவாவது வரலாமே.”

தர்மாம்பாள் இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, சாதம் பரிமாறினாள். நெய் விட்டாள். “சாப்பிடுங்கோ” என்றாள். அவர் சாதத்தைப் பிசைந்தாரே தவிர வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

“நீங்க வந்து கேட்டது எனக்குப் போதும்” என்றாள் தர்மாம்பாள். “ஆனா நான் வரலை. எனக்கு இந்த வீடு பழகிடுத்து. இங்கே நான் யாருக்கும் பயப்படாமல் சாப்பிடறேன்.” பிறகு தூணோடு தூணாக நின்றிருந்த பாகம்பிரியாளைத் திரும்பிப் பார்த்தாள். “மன்னி, வேடிக்கை பார்த்துண்டு நிக்காதேங்கோ. உள்ளேருந்து மோரை எடுத்துண்டு வாங்கோ.”

வந்தவர் கடைசியில் கொஞ்சம் சாப்பிட்டார். சாயங்கால வண்டிக்குக் கிளம்பினார். அதற்கப்புறம் தீபாவளிக்குத் தீபாவளி அவரிடமிருந்து ஒரு கார்டு வரும், தர்மாம்பாளும் ஒரு கார்டு போடுவாள்.

அந்தக் கதையை எழுதியது நல்லதா கெட்டதா என்று பாகம்பிரியாளுக்கு விளங்கவேயில்லை. தர்மாம்பாளையே கேட்டாள். “எனக்கும் தெரியலை, மன்னி. ஆனா அன்னிக்கு ராத்திரி நன்னாத் தூங்கினேன்” என்று பதில் வந்தது. அந்த மத்தியானத்தைப் பற்றி எழுதலாமா என்று மட்டும் அவள் கேட்கவில்லை. அடுத்த வாரம் வேறொரு கதையைத் தொடங்கினாள். கொசவத் தெரு மணியம்மாள் சூளை வேலைக்குப் போவதை ஏன் நிறுத்தினாள் என்று கேட்டுவிட்டு வர, குடையை எடுத்துக்கொண்டு, உள்ளங்கை வியர்க்க, வெயிலில் கிளம்பினாள்.